அறுநூறு மீட்டர்

"இந்த மஞ்சள் பெயின்ட் போகவே மாட்டேங்குதும்மா," என்று மகள் அப்பாவின் ஷூவைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"விடுடி. அது அவர்கூடவே போகட்டும்."

காலையில்தான் மூச்சு அடங்கியது. நாலு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. வேலை தலைக்கு மேல் கிடக்க, அம்மாவின் மனத்தை அரித்துக்கொண்டிருந்தது அவரிடம் சொன்ன நாற்பத்திரண்டு வருடத்துப் பொய் ஒன்று. சொல்லிவிடலாம் என்று ஒரு வாரமாகக் கட்டிலருகே உட்கார்ந்து பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அவர் கண்ணயர்ந்துவிட்டார். இனி யாரிடம் போய்ச் சொல்ல?

நடைபாதைகளில் வழிகாட்டிப் பலகை நடுவது அவர் உத்தியோகம். வயல்வெளி, குன்று, ஓடைக்கரை என்று நடப்பவர்கள் தடுமாறும் இடமெல்லாம் அவர் நட்ட மஞ்சள் கம்பம் நிற்கும். கல்யாணமான மூன்றாம் மாதம் தூரம் அளக்கும் சக்கரம் உடைந்துபோனது. "நீ வா, உன் காலடியால அளந்துடலாம்" என்று அவளைக் கூட்டிப்போனார். அதற்காக முந்தின நாள் கூடத்தில் அவளை நடக்கவிட்டு, ஒரு காலடி சரியாக அரை மீட்டர் என்று குறித்தும் வைத்துக்கொண்டார். ஓடைப் பாலத்திலிருந்து பாதை இரண்டாகப் பிரியும் இடம்வரை அவள் எண்ண வேண்டும்.

இருநூறு சொச்சம்வரை ஒழுங்காகத்தான் எண்ணினாள். முன்னால் அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சீட்டியடித்தபடி போனார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்ததில் எண்ணிக்கை எங்கோ பறந்துவிட்டது. பிரிவில் நின்று "எவ்வளவு?" என்று அவர் கேட்டபோது, "ஆயிரத்து இருநூறு" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். மறுபேச்சில்லாமல் நோட்டில் எழுதிக்கொண்டார். பலகையில் 'பாலம் 600 மீட்டர்' என்று ஏறியது. அதன்பின் அந்தப் பக்கம் அவள் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. நடக்கக் கூப்பிட்டால் உடனே முழங்கால் வலிக்கும்.

மதியம் கடப்பாரை வந்தார். அவரோடு கடைசிவரை குழி தோண்டியவர், பெயரே அதுவாகிவிட்டது. வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, சவப்பெட்டியருகே வந்தார்.

"அண்ணி, கல்லறைக்குப் பாலத்தைத் தாண்டி வண்டி போகாது. நம்ம பாதை வழியா தோள்லதான் தூக்கிட்டுப் போகணும்."

அவளுக்குச் சுருக்கென்றது. "அந்தப் பலகைல தூரம் தப்பு. நான்தான் எண்ண மறந்துட்டுப் பொய் சொன்னேன். அவர்கிட்ட சொல்லவே இல்ல."

"அண்ணனுக்குத் தெரியும் அண்ணி. கம்பம் நடப் போன அன்னிக்குச் சக்கரம் ரிப்பேராகி வந்துடுச்சு. உருட்டிப் பார்த்தோம். பிரிவுவரைக்கும் ஐந்நூத்திப் பத்துதான்."

"அப்புறம் ஏன் மாத்தி எழுதல?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'அவ எண்ணினதுடா, அதுல கை வைக்காத. குழிய அறுநூறுல தோண்டு'ன்னுட்டாரு. பிரிவைத் தாண்டித் தொண்ணூறு மீட்டர், முழுக்கப் பாறை. என் இடுப்பே கழண்டு போச்சு. கம்பம் ஏன்யா அங்க போய் நிக்குதுன்னு மேலதிகாரி காய்ச்சி எடுத்தாரு. பிரிவுல மண்ணு இளகலா இருக்குதுன்னு அண்ணன் வாய் கூசாம புளுகினாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொன்னா உங்க முகம் வாடிடுமாம்."

காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. கூடவே கோபமும் வந்தது. இல்லாத முழங்கால் வலிக்கு இத்தனை வருடம் தைலம் தேய்த்துவிட்டாரே மனுஷர்!

நாலு மணிக்குமேல் பாலத்தைக் கடந்ததும் பெட்டியை வண்டியிலிருந்து இறக்கித் தோளில் ஏற்றினார்கள். மகள் கையைப் பிடிக்க வந்தாள். அம்மா வேண்டாமென்று விலக்கிவிட்டு, பாலத்தின் விளிம்பில் இரண்டு காலையும் சேர்த்துவைத்து நின்றாள். பிறகு எண்ணத் தொடங்கினாள்.

வயதான கால்; அரை மீட்டர் வரவில்லை. இருந்தாலும் எண்ணினாள். முன்னால் அவர் போய்க்கொண்டிருந்தார். மூடாத பெட்டியின் ஓரத்தில் மஞ்சள் படிந்த ஷூ முனை தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நடந்ததில், இருநூற்றுப் பதினாறோ பதினேழோ, எண்ணிக்கை தவறிப்போனது.

"என்னம்மா, நின்னுட்ட?"

"ஒண்ணுமில்ல. நட."

தூரத்தில், பிரிவையும் தாண்டி, கம்பம் தெரிந்தது.