எல்லாருக்கும் திறந்த ஃபோல்டர்

மாணவிகளின் சான்றிதழ்களை இனிமேல் கிளவுடில் ஏற்றி வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்ததும், திண்டிவனத்துப் பள்ளியின் தலைமையாசிரியை கலைமதி அந்த வேலையை வடிவு டீச்சரின் தலையில் கட்டினார். "நீதான் சின்ன வயசு. உனக்குத்தான் ஜல்தியா வரும்" என்றார். வடிவுக்கும் அது புதுசுதான். ஆனால் மரக்காணத்துக் குப்பத்திலிருந்து வந்து வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

மூன்று நாள் உட்கார்ந்து, பத்தாம் வகுப்பு பீரோவில் இருந்த தாள்களையெல்லாம் போனில் படம்பிடித்து ஒரே ஃபோல்டரில் ஏற்றினாள். புதன்கிழமை காலை இடைவேளையில், 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்பதை அழுத்தி, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். 'பெயரும் பிறந்த தேதியும் சரியா என்று பார்த்துச் சொல்லவும்.'

பதில்கள் வந்தன. ஒருவர் இனிஷியல் தப்பு என்றார். இன்னொருவர் லிங்க் திறக்கவில்லை என்றார். அதற்கடுத்து இரண்டு கும்பிடும் கைகள்: 'ரொம்ப நன்றி டீச்சர்.' அனுப்பியவர் ராஜாமணி.

யாருடைய அப்பா இவர்? யோசித்தவளுக்குச் சட்டென்று நினைவு வந்தது.

தமிழ்மொழியின் அப்பா. அந்தப் பெண் ஆகஸ்டிலேயே டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் அம்மா காந்திமதி மாவுக்கட்டுப் போட்ட கையோடு வந்து ஒரு கடிதம் கொடுத்திருந்தாள். விழுப்புரத்தில் சேரப்போகும் பள்ளி, தங்கப்போகும் தெரு, கதவு எண் எல்லாம் அதில் இருந்தன. கடைசி வரி, 'என் கணவருக்கு இது தெரியக் கூடாது.' பீரோவில் இருந்த அந்தக் கடிதத்தையும் வடிவுதான் ஏற்றியிருந்தாள். குழுவிலிருந்து அந்த ஆளின் நம்பரை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

லிங்க்கை எங்கே மூடுவது? விரல் வேறு எங்கெங்கோ பட்டது. ஒருவழியாக மூடி, குழுவில் போட்டதையும் அழித்துவிட்டு, தலைமையாசிரியை அறைக்கு ஓடினாள்.

"அந்தாளு பாத்துருப்பான்னு எப்படிச் சொல்ற?" என்றார் கலைமதி.

"பாத்ததாலதான் மேடம் நன்றின்னு போட்டுருக்கான்."

காந்திமதியின் போன் அணைந்து கிடந்தது. அவள் வேலை செய்யும் தையல் கம்பெனியில் போனை உள்ளே விடமாட்டார்கள். விழுப்புரத்துப் பள்ளிக்கு அடித்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. "நீங்க விடாம போடுங்க மேடம், நான் நேர்ல போறேன்" என்று வடிவு கிளம்பினாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவளால் சாலையைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. முந்திப்போன ஒவ்வொரு பைக்கிலும் அவன்தான் போவதாகத் தோன்றியது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டிகள் வரிசையில் நின்றன. அப்போதுதான் கலைமதியிடமிருந்து போன் வந்தது.

"ஸ்கூல்ல பேசிட்டேன். புள்ளைய ஆபீஸ் ரூம்ல வச்சுப் பூட்டிட்டாங்க. போலீசுக்கும் சொல்லியாச்சு. ஆனா வடிவு, அந்தாளு கேட்டாண்ட வந்துட்டானாம்."

வடிவு போய்ச் சேர்ந்தபோது, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் கையில் பப்ஸ் பொட்டலமுமாக ராஜாமணி கேட்டருகே நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் சிரித்தான்.

"வாங்க டீச்சர். எம் பொண்ண நானே பாக்கக் கூடாதுன்றாங்க. நீங்கதான அட்ரஸ் அனுப்புனீங்க? கொஞ்சம் சொல்லுங்க."

வடிவு கேட்டுக்கு முன்னால் போய் நின்றாள். "போயிடுங்க."

"போறேன். வூடும் எங்கன்னு தெரியும்." சிரிப்பு மாறவேயில்லை. "எத்தினி நாளைக்குப் பூட்டி வெப்பீங்க?"

வடிவு நகரவில்லை. மகளிர் காவலர்கள் இருவர் வந்து அவனை ஜீப்பில் ஏற்றும்வரை கேட்டுக் கம்பியைப் பிடித்தபடியே நின்றாள்.

"எழுதி வாங்கிக்கினு சாயந்திரம் வுட்டுருவோம்மா" என்றார் மூத்தவர். "அந்தம்மா கம்ப்ளெய்ன்ட் குடுத்தா மேல பாக்கலாம்."

பள்ளியிலிருந்து ஆள் போய்ச் சொல்ல, காந்திமதி கம்பெனியிலிருந்து ஓடிவந்தாள். புகார் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஆனாலும் அந்த வீட்டில் இன்னொரு நாள் தங்க அவள் தயாராக இல்லை. அரைமணி நேரத்தில் இரண்டு பைகள் கட்டியாயிற்று. தமிழ்மொழி ஒன்றும் கேட்காமல் புத்தகங்களை அடுக்கினாள். பழகிய வேலைபோல இருந்தது அது. கூடவே பஸ் ஸ்டாண்டு வரை வந்த வடிவு அங்கேதான் வாய் திறந்தாள்.

"என்னை மன்னிச்சிருங்கக்கா. தெரியாம பண்ணிட்டேன்."

"தெரியும் டீச்சர்" என்றாள் காந்திமதி. அவள் கண்கள் வடிவின் தோளுக்குப் பின்னால் கூட்டத்தைத் துழாவிக்கொண்டிருந்தன. "திண்டிவனம் பஸ்ஸு நிக்குது பாருங்க, நீங்க மொதல்ல ஏறுங்க. நாங்க எதுல போறோம்னு நீங்களும் பாக்க வேணாம்."