முப்பத்தெட்டு ரவுண்டு

அலுவலகத்தில் அவருக்கு ‘அர்த்தம் சார்’ என்று பெயர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இழப்பீட்டு மனுக்களைப் பார்க்கும் அதிகாரி. கடைக்குள் தண்ணீர் புகுந்து சரக்கெல்லாம் போச்சு என்று யாராவது கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றால், “வெள்ளம்னு எழுதியிருக்கீங்களே, வெள்ளத்துக்கு என்ன அர்த்தம்?” என்பார். வந்தவர் திருதிருவென விழிப்பார். மனு வந்த வழியே திரும்பிவிடும்.

அப்படிப்பட்டவர் நாற்பத்தாறு வயதில் ட்ரையத்லானில் இறங்கியதற்குக் காரணம் உடம்பு அல்ல, காது. மனைவி தன் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்ததை அது கேட்டுத் தொலைத்தது.

“அவரா? எல்லாத்தையும் ஆரம்பிப்பாருக்கா. கிதார் அலமாரி மேல தூங்குது. பிரெஞ்சுப் புத்தகம் மூணாம் பக்கத்துலயே நிக்குது. இதுவரைக்கும் முழுசா முடிச்சது எதுன்னு கேட்டா, சாப்பாடு ஒண்ணுதான்.”

அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டார். ஒரே நாளில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீச்சல், தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். இதை முடித்துவிட்டு வந்து நின்றால் அந்த வாய் என்ன சொல்லும், பார்த்துவிடலாம். இடையில் ஒரே ஒரு தடை. புதியவர்கள் போட்டிக்கு ஒரு மாதம் முன்னால், ஏரியில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டரை எழுபது நிமிடத்துக்குள் நீந்திக் காட்ட வேண்டும். தவறினால் பெயர் நீக்கப்படும்.

மறுநாளிலிருந்து அலுவலக வாட்ஸ்அப் குழுவில் காலை வேளைகள் நாசமாயின. “பாடம் 4: பஞ்சு வைத்த சைக்கிள் டவுசருக்குள் வேறு எதையும் அணியக் கூடாது.” யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொன்னார். “பாடம் 7: ஷூவை மிதிகட்டையோடு பூட்டும் சைக்கிளில், நிற்பதற்கு முன்பே காலை விடுவித்துக்கொள்ள வேண்டும்.” இதை அவர் சிக்னலில் நின்ற நிலையிலேயே, வெட்டிய மரம் மாதிரி ஒரு தக்காளி வண்டிமேல் சாய்ந்து கற்றார். வண்டிக்காரர் கற்பித்த பாடம் குழுவில் போடும் தரத்தில் இல்லை.

நீச்சலில் மட்டும் அவருக்குக் கவலையே கிடையாது. குளத்துப் பயிற்சியாளர் பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்ற ரகம். முதல் நாள் சொன்னதோடு சரி: “முப்பத்தெட்டு ரவுண்டு போங்க சார். தூரம் சரியா வந்துடும்.”

ஆயிரத்துத் தொள்ளாயிரத்தை முப்பத்தெட்டால் வகுத்தால் ஐம்பது. எனவே குளம் ஐம்பது மீட்டர் என்று அவரே தீர்ப்பு எழுதிவிட்டார். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர், ஒரு ரவுண்டு. திரும்பி வந்தால் இரண்டு. முப்பத்திரண்டே நிமிடத்தில் முப்பத்தெட்டும் முடிந்துவிடும். தனக்குள் ஒரு மீன் ஒளிந்திருந்ததை இத்தனை வருடம் யாரும் கவனிக்கவில்லையே என்று அவருக்கு வருத்தம்கூட உண்டு.

பக்கத்துத் தடத்தில் ஒரு மருந்துக்கடைக்கார அம்மாள். அவரைவிட ஐந்தாறு வயது மூத்தவர், அதே போட்டிக்குத்தான் தயாராகிறார். இவருக்குச் சமமாகவே நீந்துவார். ஆனால் இவர் முடித்துத் தலை துவட்டும்போதும் அந்த அம்மாள் நீந்திக்கொண்டே இருப்பார்.

“இன்னுமா மேடம்?”

“இப்பத்தான் சார் பத்தொன்பது.”

அந்த அம்மாளுக்கு எண்ணத் தெரியவில்லை என்று முடிவு கட்டினார். மாத்திரையை எப்படி எண்ணிக் கொடுக்கிறாரோ என்று பயந்து, அந்தக் கடையில் இருமல் மருந்து வாங்குவதைக்கூட நிறுத்திவிட்டார்.

சோதனை நாள் வந்தது. மனைவி துண்டோடு கரையில் நின்றாள். ஏரியில் அக்கரைப் பக்கம் ஒரு ஆரஞ்சு மிதவை, இக்கரையில் ஒன்று. நேரம் பார்க்கும் இளைஞர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: “ரெண்டு ரவுண்டு. அவ்வளவுதான்.”

போனால் ஒன்று, வந்தால் இரண்டு. இவ்வளவுதானா!

முப்பத்து நான்காவது நிமிடத்தில் அவர் கரையேறி இரண்டு கையையும் உயர்த்தினார். கூடவே வந்த மருந்துக்கடை அம்மாள் மிதவையைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் ஏரிக்குள் போனார். பாவம், இங்கேயும் எண்ணத் தெரியவில்லை.

“சார், இன்னும் ஒரு ரவுண்டு இருக்கு,” என்றார் இளைஞர்.

“ரெண்டு முடிச்சாச்சே தம்பி. போனது ஒண்ணு, வந்தது ஒண்ணு.”

“போயிட்டு வந்தாத்தான் சார் ஒண்ணு.”

“அப்படின்னு எங்க எழுதியிருக்கு? ரவுண்டுக்கு என்ன அர்த்தம்?”

“சுத்தி வர்றது சார். நேரா போறது எப்படி ரவுண்டாகும்?”

இருபது வருடமாக அடுத்தவர்களை விழிக்க வைத்தவர் விழித்தார். விட்டுவிடுவாரா? விதிமுறைத் தாளைக் கேட்டார். தாள் வந்தது. ‘ஒரு ரவுண்டு என்பது 950 மீட்டர்’ என்று மூன்றாவது வரியிலேயே இருந்தது. அச்சுப் பிழையாக இருக்கலாம் என்றார். மேலதிகாரியைக் கூப்பிடச் சொன்னார். மேலதிகாரி வந்து அதே வரியை உரக்கப் படித்துக் காட்டினார். அப்போதுதான் குளமும் இரு சுவர்களும் முப்பத்திரண்டு நிமிடமும் ஒவ்வொன்றாக அவர் தலையில் இறங்கின. குளம் வெறும் இருபத்தைந்து மீட்டர். நான்கு மாதமாகப் பாதி தூரம்தான் நீந்தியிருக்கிறார்.

“நாப்பத்தேழு நிமிஷம் ஆச்சு,” என்றார் இளைஞர். “இனிமே போனாலும் நேரத்துக்கு வர முடியாது சார். துணி மாத்திக்கோங்க.”

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் துண்டை நீட்டினாள். கிதாரை அலமாரி மேல் வைத்த அன்றும் இப்படித்தான் ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தாள். ஏரியைவிடக் கரை பயமாக இருந்தது. திரும்பித் தண்ணீரில் விழுந்தார்.

பாதி வழியில் எதிரே வந்த மருந்துக்கடை அம்மாள், “மூச்சு விட்டு மெதுவா போங்க சார்,” என்றார். காவல் படகு பின்னாலேயே வந்தது.

“ஏறிடுங்க சார். எனக்கும் வீடு வாசல் இருக்கு,” என்றார் படகுக்காரர்.

“கிட்ட வராதீங்க!”

மல்லாந்தும் குப்புறவும், கடைசியில் நாய் நீந்துவதுபோலவும், ஒரு மணி முப்பத்தேழு நிமிடத்தில் அவர் கரையைத் தொட்டார். கடிகாரத்தைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டிருந்தார்கள். பெயரையும் அடித்தாயிற்று. முட்டிக்கால் போட்டு மூச்சு வாங்கினார்.

“உங்க அக்காகிட்ட இப்ப என்ன சொல்லுவே?”

மனைவிக்குப் புரிய இரண்டு நொடி ஆனது. “ஒட்டுக் கேட்டீங்களா?”

“சொல்லு.”

“தோத்துட்டாருக்கான்னு சொல்லுவேன். ஆனா பாதியில விடாம, கடைசி வரைக்கும் போயி முழுசாத் தோத்தாருன்னு சொல்லுவேன். போதுமா?”

போதாது என்று சொல்ல வாயைத் திறந்தார். ஏரித் தண்ணீர்தான் வந்தது. அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்து, மிச்சத்தையும் வெளியே எடுத்தாள்.