பூதலிங்கத்தின் சர்க்கரைக்கு இருநூற்றுப் பதினான்கு பேர்

பூதலிங்கத்துக்குச் சர்க்கரை வியாதி யார் வழியாக வந்தது என்று கண்டுபிடிக்க, ஆஸ்பத்திரியில் அவன் சொந்தக்காரர்கள் இருநூற்றுப் பதினான்கு பேரை வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். ஆளுக்கொரு சின்னச் சுத்தியல். வியாதியைக் கொடுத்தவர் அடித்தால் எலும்பு முறியும். பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டதால் மற்றவர்களை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பூதலிங்கம் மேஜையில் படுத்தான். மகள் சண்முகப்பிரியாவை இதில் இழுக்கக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டான். "பார்ப்போம்" என்றார் டாக்டர்.

முதல் அடியிலேயே தகராறு. பெரியப்பா சுத்தியலை ஓங்கிவிட்டார்.

"தாய்மாமன் நான் குத்துக்கல்லு மாதிரி நிக்கேன். நீரு யாருவே முதல்ல?" என்று மாமா அவர் கையை முறுக்கினார். பெரியப்பா அவர் மூக்கில் ஒரு குத்து விட்டார். வந்த ரத்தத்தை நர்ஸ் குழாயில் பிடித்துக்கொண்டாள். வீணாக்கக் கூடாதல்லவா.

மாமா பூதலிங்கத்தின் கையில் இரண்டு அடி அடித்தார்.

"ஒண்ணுதாங்க" என்றார் டாக்டர்.

"தாய்மாமனுக்கு ஒண்ணு. எம்மவளைக் கட்டியிருக்காம்லா, மாமனாருக்கு ஒண்ணு."

"மாமனார் முறை ரத்தத்துல வராதுங்க."

"எங்க ஊர்ல வரும்."

யார் அடித்தும் எலும்பு முறியவில்லை. "லேசாத்தான்யா தட்டுனேன்" என்று ஆளாளுக்குச் சத்தியம் செய்தார்கள். நூற்றைம்பதாவது ஆள் வருவதற்குள் பூதலிங்கத்தின் வலது கை மாவாகியிருந்தது. கடைசி ஆள் போனபோது விலா எலும்பு ஒன்றுகூட மிச்சமில்லை.

"தனியா யாரும் காரணமில்ல. எல்லாரும் சேர்ந்துதான்" என்றார் டாக்டர் பூரிப்போடு. சொந்தங்கள் நிம்மதியாக டீ குடிக்கப் போனார்கள்.

நர்ஸ் சண்முகப்பிரியாவை அழைத்து வந்தாள். பூதலிங்கம் மேஜையிலிருந்து எழுந்து நின்றான்.

"அவளுக்குத்தான் வியாதியே இல்லையே!"

"அதனாலதான் இப்பவே பார்க்கணும்" என்றார் டாக்டர்.

இடது கையால் ஒரு சுத்தியலை எடுத்து டாக்டரின் வாயில் அடித்தான். அவர் இரண்டு பல்லைத் துப்பினார்.

"எனக்குச் சொந்தமில்லாதவங்க அடிச்சது. காரணம் சுற்றுச்சூழல்னு எழுதிக்கோ" என்றார் நர்ஸிடம்.

நர்ஸ் எழுதினாள். பிறகு அவன் கையிலிருந்த சுத்தியலை வாங்கிக்கொண்டு, கல் உடைக்கிற சம்மட்டி ஒன்றைக் கொடுத்தாள்.

"இது எதுக்கும்மா?"

"அவங்கல்லாம் சில்லறைப் பங்கு சார். அப்பாவுக்குப் பாதி."

சண்முகப்பிரியா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். மேஜையில் ஏறிப் படுத்தாள். அவன் விம்மி விம்மி அழுதான்.

"சீக்கிரம்ப்பா" என்றாள் மகள். "பின்னால அம்மா நிக்காங்க."