மீசை மாத்திரை

கணையம் போனதற்குக்கூட ஓரெஸ்ட் கலங்கவில்லை. மீசை உதிர்ந்ததற்குத்தான் அழுதான்.

கனடாவின் வினிப்பெக்கில் அவன் ஆடும் கர்லிங் கிளப்பில், பனித்தரையில் கல்லை உருட்டிவிட்டு பீர் குடிக்கும் அந்தக் கூட்டத்தில், அவனுக்குப் பெயரே மீசைதான். புற்றுக்காகக் கணையத்தில் பெரும்பகுதியை வெட்டியெடுத்த பிறகு, தின்கிற கொழுப்பு உடம்பில் ஒட்டவில்லை. கொழுப்போடு சேர்ந்து வரும் சத்துகளும் ஒட்டவில்லை. ஆளும் இளைத்தான், முடியும் கொட்டியது.

"என்னப்பா, மீசையை வீட்ல கழட்டி வச்சிட்டு வந்துட்டியா?" என்று கிளப்பில் ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள், ஓரெஸ்டும் சிரித்தான். வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்து அழுதான்.

அவன் மனைவி லாரிசாவுக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. வைரஸின் மேல் முள்முள்ளாக நிற்கும் புரதத்தைத் தனியாகப் பிரித்து ஆராய்கிறவள். கையில் ரிசல்ட் இல்லாமல் கடவுளே வந்து சொன்னாலும் நம்பமாட்டாள். ஓரெஸ்ட் தொடை வலிக்கிறது என்றான், படியேற முடியவில்லை என்றான். ரத்தப் பரிசோதனையிலோ எலும்பைக் கெட்டியாக வைக்கும் வைட்டமின் டி ஏகத்துக்கும் இருந்தது.

"இதுக்கு மேல ஏறினா விஷம். டி சொட்டு மருந்தை நிறுத்திடலாம்" என்று டாக்டரிடம் சொன்னவளே அவள்தான். டாக்டரும் தலையாட்டினார்.

"எலும்புக்குள்ள யாரோ குடையற மாதிரி இருக்கு, லாரிசா."

"ரிசல்ட் பொய் சொல்லுமா? உனக்குச் சோம்பல். பெரோகி கொழுக்கட்டையைத் தின்னுட்டு சோபாவுல கிடந்தா தொடை என்ன செய்யும்? போய்க் கல்லை உருட்டு, போ."

போனான். முதல் கல்லுக்குக் குனிந்தவன் எழுந்திருக்கவில்லை. வழுக்கக்கூட இல்லை, இடுப்பெலும்பு தானாகவே முறிந்தது என்றார்கள் கூட ஆடியவர்கள்.

"எலும்பு ஊறின பிஸ்கட் மாதிரி இருக்கு. ஆணி அடிச்சா நிக்காது" என்றார் அறுவை மருத்துவர்.

"அதெப்படி? டி அவ்வளவு இருக்கே" என்று லாரிசா அவரிடமும் சண்டைக்குப் போனாள்.

மறுநாள் மனம் ஓடாமல் ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். அவளிடம் ஆராய்ச்சி செய்யும் டெவின் வெளிறிப்போய் நின்றான்.

"புரதம் ஒண்ணுமே பிடிபடல, லாரிசா. கழுவின தண்ணியிலயே மொத்தமும் போயிடுச்சு."

"செல் வளர்த்த திரவத்துல பயோட்டின் இருந்துச்சா?"

"ஐயோ."

"எத்தனை தடவை சொல்றது? அது முந்திப்போய் ஒட்டிக்கும்டா!"

அந்த வேலையில் எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற தப்புதான் அது. புரதத்துக்கு ஒரு வால் கட்டி, அந்த வாலைப் பிடிக்கிற மணிகளின்மேல் ஓடவிடுவார்கள். பயோட்டின் என்ற சத்து கலந்திருந்தால், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல அது முன்னாலேயே உட்கார்ந்துவிடும். புரதம் நிற்க இடமில்லாமல் ஓடிவிடும்.

மாலையில் ஓரெஸ்டின் சவரப் பையை எடுக்க வீட்டுக்கு வந்தாள். பைக்குள் ஒரு காலுறை, காலுறைக்குள் ஒரு மாத்திரைக் குப்பி. முடி வளர்க்கும் மாத்திரை. உள்ளே என்ன இருக்கிறதென்று படித்தாள். பயோட்டின், குதிரைக்குக் கொடுக்கிற அளவு.

ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்கும் மெஷினும் அதே பிடியைத்தான் பயன்படுத்துகிறது. பயோட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் அது குழம்பிப்போய், இல்லாத வைட்டமின் டியை நிறைய இருப்பதாகக் காட்டும். லாரிசாவுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குளியலறைத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

வேறு வகை மெஷினில் மறுபடியும் பார்த்தார்கள். டி இருந்த இடம் தெரியவில்லை. அதற்குள் ஓரெஸ்டுக்கு நுரையீரலில் சளி கட்டிவிட்டது.

"ரிசல்ட் என்ன சொல்லுது?" என்று மூச்சு வாங்கக் கேட்டான்.

"முன்னாடி வந்தது தப்பு. மெஷின் கோளாறு." வாழ்க்கையில் ரிசல்ட்டைப் பற்றி அவள் சொன்ன முதல் பொய்.

"அப்பாடா! நான்தான் சோம்பேறின்னு நானே நம்பிட்டேன்." மேலுதட்டைத் தடவிக்கொண்டான். "பையில ஒரு மாத்திரை இருக்கும், எடு. கிண்டல் பண்ணக்கூடாது. மீசை லேசா முளைக்குது பாரு."

லாரிசா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"எடு லாரிசா."

எடுத்துக் கொடுத்தால் அடுத்த பரிசோதனையும் கெட்டுவிடும். கொடுக்காமலிருக்க ஒரு காரணம் வேண்டும், உண்மையைத் தவிர வேறு காரணம் அவளுக்குக் கிடைக்கவில்லை. சொன்னாள்.

ஓரெஸ்டின் கை உதட்டிலேயே நின்றுவிட்டது.

"அப்ப என் மீசைதானா?"

"இல்ல. நான்தான். தினமும் அந்தப் பயோட்டினைத் திட்டிக்கிட்டே வேலை செய்யறவ நான். நீ என்ன முழுங்கறேன்னு ஒருநாள் கேக்கல. வலிக்குதுன்னு சொன்னே, அதையும் கேக்கல."

உதட்டிலிருந்து கையை எடுத்தான். பிறகு அவள் கையைத் தேடிப் பிடித்தான்.

"கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். வெக்கம்" என்றான்.

பனி உருகுவதற்கு முன்பே ஓரெஸ்ட் போய்விட்டான். சவப்பெட்டியில் வைத்தபோது மீசை கொஞ்சம் தெரிந்தது. கிளப் ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு வாய் திறக்காமல் நின்றார்கள். லாரிசாதான் சீப்பை எடுத்து அதை வாரிவிட்டாள்.