பத்து லிட்டர் டீசலும் ஐந்நூறு முட்டையும்

அந்த ஜெனரேட்டர் மெக்கானிக்கை எல்லோரும் ‘டீசல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெட்ரோல் ஜெனரேட்டர் என்று யாராவது வாயெடுத்தாலே அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மச்சான் தன் அக்காவுக்கென்று கைக்கடக்கமாக ஒன்றை வாங்கிவந்தபோது, அதற்குக் ‘கொசு’ என்று பெயர் வைத்து மூலையில் தள்ளிவிட்டான்.

பட்டறைக்குப் பின்னால் அவன் மனைவி குஞ்சு பொரிக்கும் பெட்டி வைத்திருந்தாள். முதல் ஈடு, ஐந்நூறு முட்டை, பொரிய ஒரு நாள்தான் பாக்கி. அன்று காலை எட்டு மணிக்கு ஒரு மரம் மின்கம்பியில் சாய்ந்தது. மாலை ஆறுக்குத்தான் கரண்ட் வரும் என்றார்கள். பங்க்கிலும் பம்பு ஓடவில்லை.

கையிருப்பு பத்து லிட்டர் டீசல். லிட்டருக்கு மூன்று யூனிட் கிடைக்கும், பெட்டி மணிக்கு அரை யூனிட்கூடத் தின்னாது, இரண்டு நாளைக்கு மேலேயே தாங்கும் என்று விரல் மடக்கிச் சொன்னான். பழுது பார்க்க வந்திருந்த தியேட்டர் ஜெனரேட்டரைக் கம்பீரமாக முடுக்கினான்.

பன்னிரண்டரைக்கு அது இருமி நின்றது. டேங்க் காலி. ஒழுகியிருக்குமோ என்று தரையில் படுத்தே பார்த்தான்; ஒரு சொட்டு இல்லை. அப்போதுதான் உறைத்தது. மூன்று யூனிட் என்பது பட்டறையில் ஹீட்டர்களை வரிசையாக மாட்டி, முழுச் சுமையில் சோதிக்கிற கணக்கு. ஒரு தியேட்டரையே இழுக்கிற எஞ்சின், சுமையே இல்லாவிட்டாலும் தான் சுற்றுவதற்கே மணிக்கு இரண்டு லிட்டர் குடித்திருக்கிறது. இருபது வருட அனுபவசாலிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

 

“சூடு எறங்குதுங்க” என்றாள் மனைவி, பெட்டியில் கை வைத்தபடி.

பைக்கிலிருந்து மூன்று லிட்டர் பெட்ரோலை இறக்கி, மூலையிலிருந்து கொசுவைத் தூக்கிவந்தான். ஒரே இழுப்பில் அது முனகத் தொடங்கியது. ஆறு மணிக்குக் கரண்ட் வந்தபோது டேங்கில் இன்னும் ஒரு லிட்டர் கிடந்தது. நம்பாமல் மூன்று தடவை எட்டிப் பார்த்தான்.

மறுநாள் நானூற்றுச் சொச்சம் குஞ்சுகள் கத்தித் தீர்த்தன.  பார்க்க வந்த மச்சான் கொசுவைத் துண்டால் துடைத்துவிட்டுப் போனான்.

அடுத்த வாரம் ஒரு தையல்காரர் வந்து, இருப்பதிலேயே பெரிய டீசல் ஜெனரேட்டர் வேண்டும் என்றார்.

“மொதல்ல எத்தனை மிஷின் ஓடணும்னு சொல்லுங்கண்ணே.”

“ரெண்டு.”

டீசல் தொண்டையைச் செருமினான். “அதுக்கு எதுக்கு அவ்ளோ பெருசு? ஒரு கொசு போதும்.”

தையல்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. சுவருக்குப் பின்னாலிருந்து அவன் மனைவி சிரித்த சிரிப்பில் குஞ்சுகளின் சத்தமே அடங்கிப் போனது.