மிச்சமான வாஷர்

வேகத்தடையில் ஏறி இறங்கினால் 'டொக்'. பள்ளத்தில் ஒரு சக்கரம் விழுந்தால் 'டொக்'. நல்ல ரோட்டில் போனால் பரம சாது. தனசேகரின் லாரியில், முன்பக்கம் இடது சக்கரத்தருகே எங்கிருந்தோ கிளம்பிய அந்தச் சத்தம், பாலக்காட்டுக்கு முட்டை ஏற்றிப்போன நடையில்தான் ஆரம்பித்தது. ஓட்டியவன் கண்ணுசாமி. ஆகவே குற்றவாளி யார் என்பதில் தனசேகருக்குத் துளி சந்தேகமும் இல்லை.

தனசேகர் நாமக்கல்லில் ஒற்றை லாரி முதலாளி. அதற்கு முன்னால் அவனும் டிரைவர்தான். கண்ணுசாமியும் அவனும் ஒரே வண்டியை மாற்றி மாற்றி ஓட்டியவர்கள், ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அதையெல்லாம் சௌகரியமாக மறந்துவிட்டு, "நான் கழட்டாத போல்ட்டா?" என்பதை மட்டும் பத்திரமாக வைத்திருந்தான். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வான்.

பரமத்தி ரோட்டில் அறிவழகனின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டு போனார்கள். அறிவழகன் கெட்டிக்கார மெக்கானிக். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கடப்பாரையால் நெம்பி, ஸ்பிரிங் பட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். பட்டைகளைச் சேர்த்துக் கட்டும் போல்ட்டுகளில் ஸ்பேனரை மாட்டி இழுத்தான். எதுவும் அசையவில்லை.

"ஷாக் அப்சர்பர்?" என்றான்.

"அது புதுசு. போன ஞாயித்துக்கிழமதான் மாத்துனது. அதுல என்ன இருக்குது?" என்று தனசேகர் தன் பைக் சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டே சொன்னான். புதுசு என்றதும் அறிவழகன் அதன் நட்டை ஒரு தடவை ஸ்பேனரால் தொட்டுப் பார்த்தான். இறுக்கமாகத்தான் இருந்தது. அதோடு விட்டுவிட்டான்.

"அப்ப எங்கியோ இடிச்சிருக்கான். அச்சு வளஞ்சிருக்கும்" என்றான் தனசேகர்.

கண்ணுசாமி அப்போது லாரியில் சாய்ந்து நின்றிருந்தான். மறுநாளே அடுத்த நடை என்பதால் அவன் மனைவி ராமாயி ஆட்டையாம்பட்டியிலிருந்து மாற்றுத் துணிப் பையோடு வந்திருந்தாள். கூடவே தனசேகர் வீட்டுப் பிள்ளைகளுக்கென்று ஒரு டப்பா கை முறுக்கு.

"இடிக்கலீங்க" என்றான் கண்ணுசாமி. "இடிச்சிருந்தா முட்ட ஒடஞ்சிருக்காதுங்களா? ஒண்ணுகூட ஒடயாமத்தான எறக்குனேன்."

இதைவிட நல்ல நியாயம் கோர்ட்டில்கூடக் கிடைக்காது. ஆனால் தனசேகருக்குச் சுற்றி நின்ற நாலு டிரைவர்கள் முன்னால் தன் பேச்சு தோற்கக்கூடாது. "முட்டய எறக்கீட்டு, திரும்பி வாரப்ப இடிச்சிருப்ப" என்றான்.

"இல்லீங்க."

"சத்தியம் பண்ணுவியா? முனியப்பன் முன்னால கற்பூரத்த அணச்சுச் சத்தியம் பண்ணுவியா?"

பட்டறையில் சுத்தியல் நின்றது. அதெல்லாம் பங்காளிச் சண்டை, திருட்டு என்று பெரிய விவகாரங்களுக்குக் கேட்பது. ஒரு 'டொக்'குக்கு யாரும் கேட்பதில்லை. சொன்ன வாயை அப்போதே மூடியிருக்கலாம். மூடவில்லை. அவனே பெட்டிக்கடையில் கற்பூரம் வாங்கி வந்து, பட்டறையை ஒட்டியிருந்த முனியப்பன் கல்லின் முன் ஒரு ஓட்டுத் துண்டில் வைத்துப் பற்றவைத்தான்.

கண்ணுசாமி செருப்பைக் கழற்றினான். "நான் வண்டிய எங்கியும் இடிக்கல" என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். கையை எடுக்க அவன் அவசரப்படவில்லை. பிறகு மறு கையால் சட்டைப்பையிலிருந்து லாரிச் சாவியை எடுத்து நீட்டினான்.

"சத்தியத்த வாங்கீட்டீங்க. இதையும் வாங்கிக்குங்க."

ராமாயி துணிப் பையைத் தூக்கிக்கொண்டாள். முறுக்கு டப்பா லாரியின் படியிலேயே இருந்தது. இருவரும் பஸ் நிறுத்தம் நோக்கி நடந்ததை எல்லாரும் பார்த்தார்கள். தனசேகர் மட்டும் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் அறிவழகன் சத்தத்தை விடுவதாயில்லை. ஒருவனை விட்டு ஜாக்கியைக் கொஞ்சம் ஏற்றவும் சட்டென்று இறக்கவும் சொல்லி, லாரியின் அடியில் படுத்து, ஒவ்வொரு பாகத்தின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். ஸ்பிரிங்கில் இல்லை. சக்கரத்தில் இல்லை. புது ஷாக் அப்சர்பரின் கீழ் முனையில் கையை வைத்ததும் "நிறுத்து" என்று கத்தினான்.

"இங்கதாங்ணா அடிக்குது. நட்டு இறுகித்தான் கெடக்குது. ஆனா மரை முடியற எடத்துல முட்டித்தான் இறுகியிருக்குது, பாகத்தப் புடிக்கல. உள்ளார ஒரு கனமான வாஷர் வரோணும். அதப் போடாம மாட்டீருக்காங்க. அதான் உள்ள ஆடுது." வெளியே தலையை நீட்டி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கிக் காட்டினான். "இத்தச்சோடு இருக்கும்."

தனசேகரின் கை பாக்கெட்டுக்குள் போயிற்று. பைக் சாவிக்கொத்தில் அதே அளவு இரும்பு வளையம் ஒன்று சில்லென்று தட்டுப்பட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை கண்ணுசாமி லோடு பேச ஈரோடு போயிருந்தான். பட்டறைக்குப் போவானேன், நான் கழற்றாத போல்ட்டா என்று தனசேகரே தன் ஷெட்டில் உட்கார்ந்து ஷாக் அப்சர்பரை மாட்டினான். மாட்டி முடித்தபோது ஒரு வாஷர் மிச்சமிருந்தது. பெட்டியில் தப்பாக ஒன்று கூடுதலாகப் போட்டுவிட்டார்கள் என்று சிரித்துக்கொண்டு, கனமாக நன்றாயிருக்கிறதே என்று சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டான். கண்ணுசாமியைக் கற்பூரம் அணைக்கச் சொன்னபோதும் அது அவன் விரலில் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. நினைக்க நினைக்க அவனுக்குக் காது மடல்வரை சுட்டது.

"யாருங்ணா மாட்டுனது இத?" என்று கேட்டான் அறிவழகன்.

தனசேகர் பாக்கெட்டுக்குள் வளையத்தை இறுக்கிப் பிடித்தான். "கண்ணுசாமிதான்" என்றான்.

சொல்ல நினைத்தது அதல்ல. ஆனால் வாயிலிருந்து வந்தது அதுதான். அறிவழகன் டப்பாவில் துழாவி வேறொரு வாஷரை எடுத்துப் போட்டு முடுக்கினான். "செய்யறதையும் செஞ்சு போட்டு, தெகிரியமா சத்தியம் வேற பண்ணீருக்கான் பாருங்க" என்றான். ஜாக்கி போட்டவன் சிரித்தான். வண்டி வேகத்தடையில் சத்தமே இல்லாமல் ஏறி இறங்கியது. அந்த அமைதியில் தனசேகரால் அடுத்த கியர் போட முடியவில்லை.

பட்டறைப் பேச்சு லாரி ஸ்டாண்டுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? அந்த வாரக் கடைசியில் டீக்கடையில் அவன் காதிலேயே விழுந்தது. கண்ணுசாமி சங்ககிரியில் ஒரு லாரி ஆபீசில் வேலை கேட்டானாம். "முனியப்பனுக்கே பொய்ச் சத்தியம் பண்ணுனவன். நம்ம வண்டிய நம்பிக் குடுக்கறதா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். தனசேகர் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தான். அவனுக்குத் தன்னைப் பார்க்கவே கூசியது. பைக்கை ஆட்டையாம்பட்டிக்கு விட்டான்.

கண்ணுசாமி வீட்டில் இல்லை. வேலை தேடி ஈரோடு போயிருந்தான். ராமாயி வெள்ளைத் துணியில் முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் மாவுக் கையோடு எழுந்தாள்.

"வாங்ணா. உக்காருங்க. தண்ணி கொண்டாறேன்."

வந்தவனை வா என்று சொல்லாமல் இருந்திருந்தால்கூடத் தேவலை. அவன் உட்காரவில்லை. சாவிக்கொத்திலிருந்து வாஷரைக் கழற்றி முறுக்குத் துணியின் ஓரத்தில் வைத்தான். நடந்தது முழுவதையும் நின்றபடியே சொன்னான். பட்டறையில் கண்ணுசாமி பேரைச் சொன்னதையும் விடவில்லை.

ராமாயி அந்த வளையத்தைப் பார்த்தாள். அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

"அவரு கற்பூரத்து மேல கைய வச்சாருங்களே, அப்ப எல்லாரும் அவரு மூஞ்சியப் பாத்தாங்க. நான் கையத்தாங்ணா பாத்தேன். நடுங்குதான்னு பாத்தேன்." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நெற்றியில் மாவு ஒட்டியது. "இத்தன வருசம் கூடக் குடும்பம் பண்ணீட்டு, ஒரு நிமிசம் நானும் நம்பலீங்ணா. பட்டறையில இருந்து அந்தப் பேச்சு வந்தப்பறம், ராத்திரி சோறு போடறப்ப அவரு மூஞ்சியவே பாக்கல. அவரு அதக் கண்டிருப்பாரோ என்னமோ."



"எங்கிட்டச் சொல்லி என்னாகப் போவுது? எங்க சொன்னீங்களோ அங்க போயிச் சொல்லுங்க. அவருக்கும் அங்க இருந்தே போனப் போடுங்க" என்று வாஷரை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "நான் இப்படிச் சொன்னேன்னு மட்டும் அவருகிட்டச் சொல்லீராதீங்ணா."

பொழுது சாயுமுன் தனசேகர் பட்டறைக்கு வந்துவிட்டான். அறிவழகன் இருந்தான், டிரைவர்களும் இருந்தார்கள். வாஷரை வேலை மேஜைமேல் வைத்தான். "கண்ணுசாமி மாட்டல. நான் மாட்டுனது. மிச்சமான வாஷர் இந்தா. அன்னிக்கு நான் சொன்னது பொய்" என்றான். அறிவழகன் மேஜையைப் பார்த்தான், பிறகு முனியப்பன் கல்லின் பக்கம் பார்த்தான். அங்கேயே நின்று தனசேகர் போன் போட்டான். அதே சொற்களை மறுபடி உரக்கச் சொன்னான். மன்னிப்புக் கேட்டான். வண்டிக்குத் திரும்பி வரச் சொன்னான்.

மறுமுனையில் ஈரோட்டு பஸ் ஸ்டாண்டின் இரைச்சலுக்கு மேலே கண்ணுசாமி பேசினான்.

"வண்டிக்கு வேற ஆளப் பாத்துக்குங்க. அத உடுங்க. ராமாயிகிட்டச் சொல்லீட்டீங்களா?"

"சொல்லீட்டுத்தான் வாரேன்."

"என்ன சொன்னா?"

ராமாயி கேட்டுக்கொண்டதை நினைத்து, தனசேகர் மேஜைமேல் கிடந்த வாஷரைத் திருப்பிப் போட்டான்.

"அவ ஒண்ணும் சொல்லீருக்க மாட்டா" என்றான் கண்ணுசாமி. அவன் குரலில் அத்தனை நாளில் முதன்முறையாக ஒரு தெம்பு இருந்தது. "நீங்க சொல்லித்தான் அவளுக்குத் தெரியோணுமாங்க? ஊருல எவன் என்ன சொன்னாலும், அவ எம்மேல சந்தேகப்பட மாட்டா. அந்த ஒண்ணு இருக்கப்போயித்தான் அன்னிக்குக் கைய வச்சேன்."

"ஆமா கண்ணுசாமி" என்றான் தனசேகர்.