கறை இல்லாத சுவர்

வெள்ளம் வடிந்தபின் அரசாங்கம் வந்தது. தண்ணீரைவிட மெதுவாகத்தான் வந்தது. ஆனால் தண்ணீருக்கு இல்லாத பந்தா அதற்கு இருந்தது. முன்னால் அதிகாரியின் தொந்தி, பின்னால் அதிகாரி, அவருக்கும் பின்னால் கோப்பு தூக்க ஒரு ஆள்.

விதி எளிமையானது. சுவரில் தண்ணீர் நின்ற கறை முழங்கால் உயரம் இருந்தால் நிவாரணம் உண்டு, இல்லையென்றால் இல்லை. அந்தத் தெருத் தையல்காரருக்கு நிவாரணம் வந்தாக வேண்டும். சேற்றில் ஊறிய மெஷின் இனி ஓடாது என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டார். மெஷின் ஓடாவிட்டால் அடுப்பு எரியாது.

அவர் மனைவிக்கோ, பெரிய மனுஷர் வருகிற நேரத்தில் வீடு அலங்கோலமாகக் கிடந்தால் மானம் போய்விடும். முந்தின நாள் முழுக்கத் தேய்த்துக் கழுவி, சுவருக்குச் சுண்ணாம்பும் அடித்துவிட்டாள்.

அதிகாரி சுவரைப் பார்த்தார். கோப்பு ஆளும் பார்த்தார்.

"இந்த வீட்டுக்குத் தண்ணியே வரலையேம்மா," என்றார் அதிகாரி.

தையல்காரர் மனைவியைப் பார்த்த பார்வையில் அடித்த சுண்ணாம்பு மறுபடி கொதித்திருக்கும். சார் வருகிறார் என்றுதான் துடைத்ததாக அவள் மென்று விழுங்கினாள். அக்கம்பக்கத்தில் கேட்டுப் பார்க்கும்படி கெஞ்சினாள். அரசாங்கம் அக்கம்பக்கத்தைக் கேட்டு நடப்பதில்லை என்று அதிகாரி விளக்கத் தொடங்கினார். நீளமான விளக்கம், நின்றுகொண்டு சொல்லி முடியாது. துவைத்த உறை போட்டிருந்த சோபாவில் கனமாக உட்கார்ந்தார்.

உறைதான் காய்ந்திருந்தது. பஞ்சு குடித்த வெள்ளம் உள்ளே அப்படியே இருந்தது.

விளக்கம் பாதியில் நின்றது. பழுப்புத் தண்ணீர் கால்சட்டையை நனைத்துத் தரையில் சொட்டியது. வாசலில் தெருவே கூடியிருந்தது. அதிகாரி எழுந்திருக்கவில்லை.

மனைவி குனிந்து மெதுவாகச் சொன்னாள். "காஞ்ச துண்டு ஒண்ணு இருக்கு சார், இடுப்புல சுத்திக்கலாம். நீங்க கையெழுத்துப் போட்டதும் எடுத்துட்டு வந்துடறேன்."

"மிரட்டுறியா?"

"ஐயையோ, இல்லைங்க. கறை எங்கன்னு தெருவுல கேட்டா, உங்க கால்சட்டையை விட்டா நாங்க எதைக் காட்டுறது?"

அதிகாரி உட்கார்ந்தபடியே ஆளிடமிருந்து கோப்பை வாங்கி, 'கடும் பாதிப்பு. நேரில் உணரப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

துண்டைச் சுற்றிக்கொண்டு அவர் வாசலுக்கு வந்தபோது பக்கத்து வீட்டு அக்கா வழியை மறித்தாள். அவள் வீட்டுக் கறை முழங்காலுக்கு ஒரு விரல் குறைவு.

"எங்க வீட்டுலயும் வந்து கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போங்க சார்," என்றாள் மிகுந்த மரியாதையோடு.